சீசாவில் இல்லாத விதி

மலாக்கா காஜா பெராங்கில் கலியாணசுந்தரம் வீடு எது என்று கேட்டால், "எந்தக் கலியாணசுந்தரம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். விட்டமின் கலியாணசுந்தரம் என்று சொல்லிவிட்டால் போதும். செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்புக்கு இரண்டு வீடு தள்ளி, வாசலில் எலுமிச்சை மரம் நிற்கிற பலகை வீட்டைக் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். பட்டப்பெயர் வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர் அதை ராவ் பகதூர் பட்டம் போல வாங்கி வைத்துக்கொண்டார்.

பண்டார் ஹிலிரில் ஒரு வெள்ளைக்காரர் நடத்திய மருந்துக்கடையில் அவர் இருபத்திரண்டு வருடம் குமாஸ்தா. டாக்டர் இல்லை, டிரசர் இல்லை, கம்பவுண்டர்கூட இல்லை. வந்த பெட்டியைப் பிரித்து, சீசாக்களை அடுக்கி, பெயர்களை எழுதி வைக்கிற வேலை. ஆனால் மனுஷர் சும்மா அடுக்கவில்லை. ஒவ்வொரு சீசாவிலும் ஒட்டியிருந்த தாளைக் கடைசிப் பொடி எழுத்து வரைக்கும் படித்தார். படித்ததை நம்பினார். நம்பியதை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் உடம்பிலேயே நடத்திப் பார்த்தார்.

அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் விட்டமின் அவரைப் பிடித்துக்கொண்டது. ஏ என்றால் கண், பி என்றால் நரம்பு, சி என்றால் ஈறு, டி என்றால் எலும்பு என்று கோயிலில் விபூதிக்கு நிற்கிற ஆளைக்கூட நிறுத்தி வைத்துச் சொல்வார். ஈ என்றால் என்ன என்று யாராவது கேட்டால் மட்டும், பெண்கள் இருக்கிற இடத்தில் அதைச் சொல்ல முடியாது என்று தொண்டையைக் கனைத்துக்கொள்வார்.

அவருடைய விட்டமின் சாப்பாட்டுக்குத் தனி முறை உண்டு. காலை ஆறு மணி. பல் துலக்கி, கிழக்கே பார்த்து நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி மீன் எண்ணெய். உடனே ஒரு பி மாத்திரை, வெந்நீரோடு. கோப்பி கூடாது, அது விட்டமினைத் தின்றுவிடும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. பிறகு மருந்து இறங்குவதற்காகக் கூடத்துக்குள்ளேயே நாற்பது நடை. வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாத வீட்டில் மீன் எண்ணெய் எப்படி ஆகும் என்று ஒருமுறை அவர் மனைவி கேட்டாள். எலும்பும் செதிலும் இல்லாத ஒன்றை மீன் என்று எப்படிச் சொல்வது என்று அவர் மடக்கினார். மடக்கினாரே தவிர, வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் குடித்த கையோடு முருகன் படத்துக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் நடந்தது.

மனைவி பெயர் பாக்கியலட்சுமி. எல்லாருக்கும் பாக்கியம். புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வெந்நீர் டம்ளரை அவர் கைக்கு எட்டும்படி வைப்பது அவள் வேலை. அதில் ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் அந்த மாத்திரைச் சீசாவை மட்டும் விரலாலும் தொடமாட்டாள். அலமாரியைத் துடைக்கும்போது துணி சீசாவைச் சுற்றிக்கொண்டு போகும். இதற்கும் காரணம் நம்முடைய ஆள்தான்.

மகள் ஜெயாவைப் பெண் பார்க்கச் சிரம்பானிலிருந்து வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் மாப்பிள்ளையின் தகப்பனார் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. கலியாணசுந்தரம் எழுந்து போய்ச் சீசாவைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"இத எதுலேருந்து எடுக்கறான் தெரியுங்களா? பீரு காய்ச்சற பீப்பாய்க்கு அடியில தங்குது பாருங்க மண்டி, அதுலேருந்து. வழிச்சு எடுத்து, காயவெச்சு, உருட்டிப் புடிக்கறான். பி விட்டமின் பூரா அந்த மண்டியிலதான் இருக்கு!"

மாப்பிள்ளை வீட்டார் விழித்தார்கள். கதவுக்குப் பின்னால் பலகாரத் தட்டோடு நின்ற பாக்கியம் வந்த வழியே திரும்பிவிட்டாள். அவளுடைய அப்பா தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே குடித்துக் குடித்து, கடைக்குப் பின்பக்கத்துக் கால்வாயில் விழுந்து செத்தவர். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கள் சம்பந்தப்பட்ட எதுவும் இனி என் நாக்கில் படாது என்று மாரியம்மனுக்கு முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தாள். கல்யாணம் என்னவோ நல்லபடியாக முடிந்து ஜெயா சிரம்பானுக்குப் போய்விட்டாள். சீசா மட்டும் அன்றிலிருந்து தீட்டாகிவிட்டது.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் சண்டை வந்தது. ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து ஊரைப் பிடித்துக்கொண்டான். அவன் வருவதற்கு முந்தின வாரம் மருந்துக்கடை முதலாளி, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறப் போய்விட்டார். மற்றவர்கள் மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினாவையும் பஞ்சையும் அள்ளினார்கள். பின்னால் கொயினா எடுத்தவன் அதை மாற்றி மாற்றிக் கோழியும் முட்டையும் சாப்பிட்டான். நம்மவர் எடுத்தது மூன்று சீசா பி மாத்திரையும் இரண்டு சீசா மீன் எண்ணெயும்.

ஜப்பான்காரன் வந்ததும் மலாக்காவுக்கே டோக்கியோ நேரம் என்று உத்தரவு போட்டான். கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். கலியாணசுந்தரம் இரண்டு நாள் தூங்கவில்லை. புது ஆறு மணிக்கு எழுந்தால் வெளியே கும்மிருட்டு. அந்த நேரத்தில் மாத்திரை போட்டால் குடல் விழித்திருக்குமா? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். சுவர்க் கடிகாரம் டோக்கியோவுக்கு, வந்து பார்க்கிற சிப்பாய்க்காக. பெட்டிக்குள் வேட்டிக்கு அடியில் பைக்கடிகாரம் ஒன்று பழைய நேரத்திலேயே ஓடும், வயிற்றுக்காக. கண்டுபிடித்தால் கன்னம் வீங்கும் என்று பாக்கியம் பயந்தாள்.

"வயித்துக்கு டோக்கியோ தெரியாது பாக்கியம்," என்றார் அவர்.

முதல் வருடத்திலேயே மீன் எண்ணெய் தீர்ந்தது. அதற்காக அவர் ரொம்பத் துக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது. மாத்திரைதான் கவலை. ஒன்று என்பது அரை ஆயிற்று, அரை என்பது கால் ஆயிற்று. வீட்டில் இருந்த ஒரே சவர பிளேடு மாத்திரை நறுக்கப் போய்விட்டதால் அவர் தாடி வளர்த்தார். கேட்டவர்களிடம் வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டார்.

வேலை இப்போது பங்கீட்டு அரிசிக் கிடங்கில். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு அரிசி என்று பேரேட்டில் எழுத வேண்டும். தன் வீட்டுக்கும் அவரே எழுதுவார். கலியாணசுந்தரம், பாக்கியலட்சுமி, இரண்டு பேர் பங்கு. முதலில் கொஞ்சம் தாராளமாகத்தான் கொடுத்தார்கள். 1943 தொடக்கத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஊர் முழுக்கக் கொல்லையில் ஊபிக் குச்சியை நட்டது. மலாய்க்காரர் ஊபி என்று சொல்கிற அந்த மரவள்ளிக் கிழங்குதான் காலையும் மதியமும் எல்லார் வயிற்றிலும் கிடந்தது.

கலியாணசுந்தரம் வீட்டில் மட்டும் குறை ஒன்றும் தெரியவில்லை. மதியம் கிடங்கிலிருந்து வருவார். கை கழுவி உட்கார்ந்ததும் தட்டில் சோறு விழும். பயற்றங்காய், கொஞ்சம் நெத்திலி, வாரத்தில் ஒருநாள் முட்டை. ஒரு கவளத்தை முப்பத்திரண்டு முறை மெல்வார், கண்ணைத் தட்டைவிட்டு எடுக்கமாட்டார். எழுந்து போய்க் கால் மணி நேரம் படுப்பார். பிறகு பாக்கியம் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

"ஊரே வாடிக் கெடக்குது, என்னப் பாருங்க," என்று கிடங்கில் நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். "கால் மாத்திரை. வெறும் கால் மாத்திரை!"

ஜப்பான்காரன் கணக்கில் 2604, நம் கணக்கில் 1944. ஒருநாள் காலை மாத்திரைக்குப் பிறகு நாற்பது நடையில் பன்னிரண்டாவது நடை நடந்துகொண்டிருந்தவர், பின்வாசல் படியில் பாக்கியம் உட்கார்ந்து செம்பருத்தி இலையைக் கசக்கிக் கால் விரலில் தேய்ப்பதைப் பார்த்தார். சோப்புக்கு வழியில்லாத காலம், இலைச் சாறுதான் வழுக்கும். அவள் மெட்டியைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கியம் இது? நான் உசுரோட குத்துக்கல்லாட்டம் நடந்துக்கிட்டிருக்கேன், நீ மெட்டியக் கழட்டற?"

"கழட்டிட்டு வேற போட்டுக்கறேங்க. கடிக்குது."

கடிக்காமல் என்ன செய்யும்? விரல் வீங்கி, வெள்ளி மெட்டி சதைக்குள் புதைந்து, விளிம்பு மட்டும் தெரிந்தது. விரல் மட்டுமா? பாதம், கணுக்கால், அதற்கு மேல் புடவை மறைத்த இடம். அவள் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள். சுவரைப் பிடித்து எழுந்திருக்கிற பழக்கம் அவளுக்கு எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. பாக்கி இருபத்தெட்டு நடை அன்றைக்கு நடக்கப்படவில்லை.

ஆஸ்பத்திரி டிரசர் அண்ணாமலை அன்று சாயங்காலமே வந்தார். அவர் சைக்கிளுக்கு டயர் கிடையாது, ரப்பர் குழாயைச் சுற்றியிருந்தார். பாக்கியத்தின் காலெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்தது. நிரம்பும் என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிரம்பவில்லை.

"பெரிபெரிண்ணே," என்றார் அண்ணாமலை.

ஊருக்கெல்லாம் பி விட்டமின் பிரசங்கம் செய்தவர் வீட்டில், அது இல்லாமல் வருகிற வியாதி. கலியாணசுந்தரத்துக்கு முதலில் வந்தது அவமானம். பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது. வந்த பயம் பிறகு போகவில்லை.

"முழங்கால் வரைக்கும் ஏறிடிச்சு," என்றார் டிரசர், அவரைத் தனியாக எலுமிச்சை மரத்தடிக்குக் கூட்டிப்போய். "இடுப்புக்கு வந்திட்டா நெஞ்ச அடைச்சிரும். வெச்சுக்கிட்டுப் பாக்கற வியாதி இல்ல. எங்ககிட்ட மாத்திரை தீந்து ஒரு வருஷம் ஆச்சு, தவிட்டத்தான் வறுத்துக் குடுக்கறோம். அக்கா என்னண்ணே சாப்பிடறாங்க?"

"நான் என்ன சாப்பிடறனோ அதான். ஒரே சட்டி, ஒரே சோறு."

அண்ணாமலை வாசலில் நின்ற பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் புடவையைப் பாதத்தின் மேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

டிரசர் போனதும் கலியாணசுந்தரம் கடைசிச் சீசாவை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே முழு மாத்திரை முப்பத்தொன்பது, கால் கால் துண்டுகள் கொஞ்சம். எடுத்த உடனே கூப்பிட்டாரா என்றால் இல்லை. கொஞ்ச நேரம் சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிறகு தீர்மானம் செய்தார். அவளுக்குத் தினம் இரண்டு, முழுசாக. தனக்கு இனி ஒன்றும் வேண்டாம். இப்படி ஒரு தியாகத்தை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை. அவள் கண் கலங்கினால் என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டார்.

"இந்தா பாக்கியம்."

"வேணாங்க."

"வேணாமா?"

"கள்ளு மண்டிய நான் தொடமாட்டேன்."

"கள்ளு இல்ல பாக்கியம். பீரு."

"பீரு வெள்ளக்காரன் கள்ளு. எனக்குத் தெரியாதா?"

"இதுல போதையே கெடையாது. பத்து வருஷமா சாப்பிடறேன், நான் என்ன ஆடிக்கிட்டா நிக்கறேன்?"

"நீங்கதான சொன்னீங்க, வழிச்சு எடுத்துக் காயவெச்சு உருட்டிப் புடிக்கறான்னு. சம்பந்தி முன்னால."

"அது அன்னிக்கு ஏதோ..."

"சீசாவுல எழுதியிருக்கறத ஒரு எழுத்து மாத்திச் சொல்லமாட்டேன்னு நீங்கதான் சொல்லுவீங்க. இப்ப எனக்காக மாத்திச் சொல்லாதீங்க."

அதட்டிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். செத்துப்போவாய் என்றுகூடச் சொல்லிவிட்டு, சொன்ன வாயைத் தானே பொத்திக்கொண்டார். அவள் அசையவில்லை. அம்மன் முன்னால் செய்த சத்தியம், அவ்வளவுதான்.

மறுநாள் மதியத்துக்குள் நம்மவருக்கு ஒரு திருட்டு யோசனை வந்துவிட்டது. மாத்திரையைப் பொடியாக்கி அவள் குழம்பில் கலந்துவிடுவது. சத்தியம் அவளுடையது, கலக்கிற பாவம் தன்னுடையது, அம்மன் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். பொடியைத் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கம்போலப் படுத்து, ஒரு குறட்டையும் விட்டுக் காட்டினார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகிற சத்தம் கேட்டதும் எழுந்து அடுப்படிக்குள் நுழைந்தார். அங்கே கடைசியாக எப்போது நுழைந்தார் என்று அவருக்கே நினைவில்லை. நிலைப்படியில் தலை இடித்தது.

சோற்றுப் பானையைத் திறந்தார். காலி. அடி சுரண்டப்பட்டு, தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டிருந்தது. சரி, அவளுக்கு உள்ளதைத் தனியே எடுத்து வைத்திருப்பாள். குழம்புச் சட்டியைத் திறந்தார். அதுவும் வழித்திருந்தது. மூலையில் ஒரு பீங்கான் மங்கு மூடியிருந்தது. மூடியை எடுத்தார். நான்கு துண்டு அவித்த ஊபி. ஓரத்தில் உப்பும் நசுக்கிய மிளகாயும்.

கோழிக்கு வைத்திருக்கிறாளாக்கும் என்று முதலில் நினைத்தார். பிறகு வீட்டில் கோழி இல்லாதது ஞாபகம் வந்தது. அலமாரியைத் திறந்தார், உறியைப் பார்த்தார், இருந்த மூடியையெல்லாம் தூக்கிப் பார்த்தார். எங்கேயும் ஒரு பருக்கை இல்லை.

"என்னங்க, இங்க?"

பாக்கியம் கழுவின தட்டோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"உன் சோறு எங்க பாக்கியம்?"

"சாப்பிட்டாச்சு."

"எப்ப? நான் எந்திரிச்சே பத்து நிமிஷம் ஆகல."

அவள் தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"எத்தன நாளா?"

"பங்கு அரிசியக் கொறைச்சாங்கல்ல," என்றாள் தரையைப் பார்த்தபடி. "அப்பலேருந்து."

அவருக்கு அந்தத் தேதி தெரியும். தெரியாமல் எப்படி? பேரேட்டில் அவர்தான் எழுதினார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கலியாணசுந்தரம், பாக்கியலட்சுமி, இரண்டு பேர் பங்கு என்று தன் அழகான கையெழுத்தில் எழுதி வாங்கிவந்து, இரண்டையும் ஒரே ஆளாகத் தின்றிருக்கிறார். ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மென்று தின்றிருக்கிறார். நெஞ்சைத் தட்டிக் காட்டியது வேறு.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அந்த ஒடம்பப் பாத்துப் பாத்து வெச்சிருக்கீங்க," என்றாள் பாக்கியம். "அது வீணாப் போயிடக் கூடாதுல்ல."

குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் நிஜமாகவே சொன்னாள். கலியாணசுந்தரத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது, அழுகையும் வந்தது. அதை மறைக்க, மீன் எண்ணெய் குடிக்கிற போது பிடிக்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பில் செருகியிருந்த பொடியை எடுக்கவே இல்லை. இவ்வளவுக்கும் பிறகு அவள் சத்தியத்தையும் திருட அவருக்கு மனம் வரவில்லை.

அடுத்த கால் மணியில் அவர் செட்டிக் கம்பத்தில் சந்திரமதி வீட்டு வேலிக்கு வெளியே நின்றார். சந்திரமதி மலாக்காச் செட்டி வீட்டுப் பெண், சாமி கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். பதினைந்து வாத்து வளர்த்தாள். எங்கிருந்தோ நெல் வாங்கிக் குத்துவாள், தவிடு வாத்துக்குப் போகும். சண்டைக்கு முன்னால் அவள் ஒருமுறை குத்தரிசி கொடுத்தனுப்பியபோது, தவிடு ஒட்டிய அரிசியை மாடுதான் தின்னும் என்று திருப்பி அனுப்பியவர் இவர். இப்போது தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், தவிடு வேண்டும் என்று கேட்டார்.

வாத்து வாங்கியிருக்கிறீரா என்று கேட்டாள் சந்திரமதி.

இல்லை, மனைவிக்கு என்றார். தனக்கும் என்று சேர்த்துக்கொண்டார். அவள் சிரித்தாள். வாத்துகளும் சேர்ந்துகொண்டதுபோல அவருக்குப் பட்டது. சிரித்து முடித்ததும் ஒரு முழுச் சுளகு தவிட்டை அள்ளிக் கொடுத்தாள், ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்தாள். தீர்ந்தால் திரும்ப வாரும், வாத்துகள் கொஞ்சம் இளைத்தால் ஒன்றும் ஆகாது என்றாள்.

தவிட்டை அவரே வறுத்தார், கருகியதை எடுத்து எறிந்துவிட்டு மறுபடி வறுத்தார். கருப்பட்டி போட்டு இடித்துச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்தார். காலியாகிக் கிடந்த பழைய மாத்திரைச் சீசா ஒன்றை வெந்நீரில் நாலு தடவை அலசிக் காயவைத்து அதில் போட்டார். ஆங்கிலத் தாள் பாதி கிழிந்தும் பாதி ஒட்டியும் இருந்தது.

"தவிடுதான, திங்கறேன்," என்றாள் பாக்கியம். "மொதல்ல நீங்க சாப்பிட்டு எந்திரிங்க. பின்னால நான் சாப்பிட்டுக்கறேன்."

அந்தப் பின்னால் என்ற வார்த்தையின் அர்த்தம் இப்போது அவருக்குத் தெரியும். தவிடு சரி, சோறு? எவ்வளவு அரிசி கொண்டுவந்து போட்டாலும் அது அவர் தட்டுக்குத்தான் வரும். இந்த ஒன்றில் அதட்டலுக்கும் அவள் மசியமாட்டாள், கெஞ்சலுக்கும் மசியமாட்டாள். கலியாணசுந்தரம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சீசாவை வெளிச்சத்தில் பிடித்து, கிழிந்த தாளின் மேல் விரலை வரி வரியாக ஓட்டினார்.

"இங்க போட்டிருக்கான் பாரு. இந்த மருந்த வீட்டுல இருக்கறவங்க எல்லாரும் ஒரே நேரத்துல, ஒரே எடத்துல ஒக்காந்து, ஒரே அளவு சோத்தோட சாப்பிடணும். ஒருத்தர் முன்னால ஒருத்தர் பின்னால சாப்பிட்டா ரெண்டு பேருக்குமே வேலை செய்யாது."

"அப்படியா போட்டிருக்கு?"

"ஒண்ணாம் நம்பர் விதி."

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழும் எழுத்துக் கூட்டித்தான் வரும். அவரை ஒருமுறை பார்த்தாள், சீசாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு இரண்டாவது தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு அகப்பை அவர் கையில். தட்டுக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று என்று மாறி மாறிப் போட்டார். சோறு கொஞ்சம்தான், மீதிக்கு ஊபி, அதுவும் சரிபாதி. பாக்கியம் கூச்சத்தில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மூன்று கவளத்தில் கையை உதறப் போனாள்.

"நீ நிறுத்தினா நானும் நிறுத்தணும். ரெண்டாம் நம்பர் விதி," என்று அவர் கையைத் தூக்கிக்கொண்டார்.

அவள் மறுபடி கையை வைத்தாள். முப்பத்திரண்டு முறை மெல்ல அவருக்கு அன்றைக்கு மறந்துவிட்டது. இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு, அவள் சோற்றில் முதலில் ஓரத்திலிருந்துதான் கை வைப்பாள் என்று தெரிந்துகொண்டார்.

விதிகள் வளர்ந்தன. நெத்திலியில் பெரியது பெண்களுக்கு என்பது மூன்று. முட்டை இருக்கிற நாளில் மஞ்சள் கரு வீங்கின காலுக்கு என்பது நாலு. சாப்பிட்டதும் கால் மணி நேரம் படுக்க வேண்டியது மனைவி என்பது ஐந்து. பாத்திரத்தை யார் கழுவுவது என்பதற்கும் சீசாவில் ஏதோ எழுதியிருந்தது. கடைசிச் சீசா மாத்திரையை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் அண்ணாமலையிடம் கொடுத்துவிட்டார்.

"என்னண்ணே, கொஞ்சம் துண்டு துண்டா இருக்கு?"

"கேக்காதீங்க டிரசர். யாருக்காவது குடுங்க," என்று சொல்லிவிட்டு வேகமாக வந்துவிட்டார்.

இரண்டு மாதத்தில் அவர் கன்னம் ஒட்டியது. விட்டமினே இளைத்துப் போச்சே என்று கிடங்கில் கேலி செய்தார்கள். அவர் நெஞ்சைத் தட்டிக் காட்டவில்லை, பேரேட்டில் குனிந்து எழுதினார். காலை ஆறு மணிக்கு மட்டும், பழைய நேரப்படி, தன் முறையை விடவில்லை. பல் துலக்கிவிட்டு வந்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, பாக்கியத்தின் காலில் கட்டைவிரலை அழுத்தி எடுப்பார். பள்ளம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பெட்டிக்குள்ளிருந்த கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பார். முதல் வாரம் அது நிரம்பவே இல்லை. அந்த வாரம் அவர் தூங்கவும் இல்லை. ஒரு மாதத்தில் பத்து எண்ணி முடிப்பதற்குள் நிரம்பியது. அதற்குப் பின்னால் பள்ளமே விழவில்லை.

ஒருநாள் காலை அவள் எழுந்து நடந்தபோது மெட்டி தானாகக் கழன்று பலகைத் தரையில் உருண்டு ஓடியது. சுவரைப் பிடிக்காமல் குனிந்து எடுக்கப் போனாள். அவர் முந்திக்கொண்டார். மண்டியிட்டு, அவள் பாதத்தைத் தன் முழங்கால் மேல் எடுத்து வைத்தார். கல்யாணத்தன்று அம்மிமேல் வைத்து மாட்டியதற்குப் பிறகு இதுதான் இரண்டாம் தடவை. அப்போது ஒரே தள்ளில் போட்டுவிட்டார், இப்போது மெட்டியை வேட்டியில் துடைத்து, மெல்ல மெல்ல நுழைத்தார்.

"விதி எத்தன வரைக்கும் வந்திருக்குங்க?" என்று கேட்டாள் பாக்கியம் மேலேயிருந்து.

"ஏழு."

"அந்தத் துண்டுத் தாளுல ஏழு எப்படிங்க புடிக்கும்?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சாப்பிட்ட?"

"இருபத்தேழு வருஷத்துல எனக்காக நீங்க சொன்ன மொதப் பொய்யி," என்றாள் பாக்கியம். "அது வீணாப் போயிடக் கூடாதுல்ல."